கழுவித் தந்த டப்பா

என் மேசை இழுப்பறையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. முகத்தைச் சிவப்பாக்கும் என்று விற்ற க்ரீம் இருந்த டப்பா. திறந்தால் மஞ்சள் வாசனை வரும்.

ஆலைக் கழிவு, உடைந்த டியூப்லைட், ஏரி மீன் என்று பாதரசம் போகும் வழியெல்லாம் தேடி மாதிரி எடுக்கும் வேலை எனக்கு. அப்படித்தான் உத்திரமேரூர்ப் பக்கம், நடவுக்குப் போய்ப் பிழைத்த ஓர் அக்காவிடம் போய்ச் சேர்ந்தேன். முகமும் காலும் வீங்கிக் கிடந்தார். சிறுநீரகம் கெட்டிருந்தது, சிறுநீரில் பாதரசம். பூசிய க்ரீம்தான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். க்ரீமைச் சோதித்தால்தான் உறுதியாகும். விற்ற கடைக்காரரோ அப்படி ஒரு சரக்கைக் கண்ணால் பார்த்ததே இல்லை என்று சாதித்தார். டப்பாவில் விலாசமும் கிடையாது. மிச்சம், அக்காவிடம் இருந்த அரை டப்பாதான்.

அக்காவுக்குத் தன் உடம்பைப் பற்றிக் கவலையில்லை. "எம் பொண்ணும் அதத்தான் பூசிக்கினு கீது. நான் சொன்னா கேக்கல. நீ டெஸ்ட் பண்ணி எழுதிக் குடுத்தா வுட்டுடும்மா" என்றார். டப்பாவை எடுத்து வையுங்கள், நாளைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் போனபோது டப்பா பளபளவென்று இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்து, மூடியின் மரையைக்கூட ஈர்க்குச்சியால் சுரண்டி, வெயிலில் காயவைத்து, உள்ளே மஞ்சள்தூள் நிரப்பியிருந்தார். இரவல் கிண்ணத்தைக்கூட வெறுமையாகத் திருப்பித் தராத ஊர் அது.

"அழுக்கு டப்பாவ எப்டிம்மா ஒங் கையில குடுக்கறது? வெறும் டப்பாவும் குடுக்கக் கூடாது. எங்க வூட்டு மஞ்சா, மூஞ்சிக்குப் பூசு. ஒண்ணும் பண்ணாது."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. எனக்குக் கோபம் வந்தது. வீங்கிய அந்த விரல்களைப் பார்த்ததும் அழுகைதான் மிஞ்சியது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். ஆய்வகத்தில் ஒன்றும் தேறவில்லை. மகளிடம் அவள் பூசும் க்ரீமைக் கேட்டதற்கு, அதையெல்லாம் தொடுவதே இல்லை என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அறுவடைக்கு முன்பே அக்கா போய்விட்டார். இந்த வேலையில் இருந்து நான் கண்டது இதுதான்: ஒரு க்ரீமைப் பிடித்தால் அதுவே வேறு பெயரில் வந்து நிற்கும். போன வாரம் உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் அந்த மகளைப் பார்த்தேன். முகம் மட்டும் வெளுத்திருந்தது, கழுத்து அக்காவின் நிறம். கண்ணிமை லேசாக வீங்கியிருந்தது. என்னை அடையாளம் கண்டு சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து பார்த்தேன். மஞ்சள் இன்னும் நிறம் மாறவில்லை.