பூஜைக்குத் துடைத்த ஸ்விட்ச்

தொண்ணூறுகளின் இறுதியில் மைசூர் ஹெப்பாளில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒரு மேலாளர் இருந்தார். கஞ்சி போட்ட சட்டை, அதன் பையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி. எந்தப் பெட்டியைக் கண்டாலும் துடைப்பார். உள்ளே என்ன நடக்கிறதென்று ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆயுத பூஜைக்கு, கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டியைத் துடைத்துக் குங்குமம் வைத்தார். தசரா விடுமுறை முடிந்து வந்தால், அலுவலகக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் முடங்கிக் கிடந்தன. ஸ்விட்சின் ப்ராசஸர் தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது.

"லோடு ஜாஸ்தி. எல்லாரும் ஒரே நேரத்துல மெயில் பாக்கறாங்க. பெரிசா வேற ஒண்ணு வாங்கணும்" என்றார்.

நான் பின்பக்கம் பார்த்தேன். ஒரே ஒயரின் இரண்டு முனைகளும் அந்த ஸ்விட்சிலேயே செருகியிருந்தன. ஒரு முனை தொங்குவது பூஜையன்று அசிங்கமாக இருந்ததால் அவரே செருகினாராம்.

"சார், அனுப்பினதே திரும்பத் திரும்ப இதுக்குள்ளயே சுத்துது. அதான் மூச்சு முட்டுது" என்று ஒரு முனையைப் பிடுங்கினேன். எல்லாம் ஓடத் தொடங்கின.

அவர் துணியை எடுத்து ஸ்விட்சைத் துடைத்தார். "ஆனா, லீவுலகூட அது சும்மா இருக்கல பாருங்க."

குரலில் உண்மையான மரியாதை இருந்தது. அவர் எப்படி மேலாளர் ஆனார் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.