பேச்சு வராத முத்துமாரி

பெண்கள் விடுதி வார்டன் என்றால் அறுபத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் அம்மாவாகவும் போலீஸாகவும் இருக்க வேண்டும். சம்பளம் மட்டும் ஒரு ஆளுக்குத்தான் வரும். ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகிற ரோட்டில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் பதினோரு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். விடுதி நடத்தியவர்களும், விடுதியில் படித்தவர்களும், பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர்களும் இதைப் படித்தால் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். கூடச் சேர்ந்து தலையில் அடித்துக்கொண்டால் போதும்.

வரைந்த சோறு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் டிவி உண்டு. போன வருஷம் வரை சீரியல் ஓடியது. இந்த வருஷம் பிள்ளைகள் கூட்டமாக வந்து, "ஜப்பான் அனிமே பாக்குறோம் மிஸ், கார்ட்டூன் மாதிரி. ஸ்கூல் கதை. ஹாஸ்டல்லயே நடக்குது" என்றார்கள். ஹாஸ்டல் என்றதும் ஒழுக்கம் சம்பந்தப்பட்டதாக இருக்கும் என்று நம்பிச் சரி சொல்லிவிட்டேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

கதை இதுதான். ஒரே அறையில் இரண்டு பெண்கள், இருவரும் பள்ளியில் மேளம் அடிக்கிறவர்கள். ஒருத்தி பயிற்சிக்கே போக மாட்டாள், குச்சியைக் கையில் எடுத்தால் தாளம் தானாக வரும். இன்னொருத்தி உள்ளங்கை கொப்பளிக்க அடித்தும் ஒரு தட்டு பிந்திவிடுவாள். எங்கள் பிள்ளைகள் இதற்கு மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார்கள். எனக்கோ அந்த விடுதிச் சாப்பாட்டின் மேல்தான் கண். சோறு மினுங்குகிறது, முட்டை மினுங்குகிறது. மறுநாள் காலை உப்புமாவைப் பார்த்து அத்தனை பேரும் பெருமூச்சு விட, எங்கள் சமையல்கார அக்கா சண்முகத்தாய் கரண்டியைக் கீழே வைத்தார். "அது வரைஞ்ச சோறு. எனக்கும் ஒரு டப்பா கலர் பென்சில் வாங்கிக் குடுங்க, நானும் அப்பிடிப் பொங்கிப் போடுறேன்."

கையை உயர்த்தவும்

ஒரே மாதத்தில் விடுதி இரண்டு கட்சியாகிவிட்டது. 'தானா வரும்' கட்சி, 'உழைச்சா வரும்' கட்சி. அனிமே எதற்கு, அந்த இரண்டு பெண்களும் எங்களிடமே பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்தார்கள். பிளஸ் ஒன் படிக்கிற நஸ்ரினும் முத்துமாரியும்தான். நஸ்ரின் கீழக்கரைப் பிள்ளை, வாப்பா துபாயில். பேச்சுப் போட்டிக்கு மேடை ஏறும்போதுதான் தலைப்பையே கேட்பாள், இறங்கும்போது கைதட்டல் அடங்காது. முத்துமாரி கமுதிப் பக்கம், வீட்டில் மிளகாய் விவசாயம். காலை ஐந்து மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துப் பேசிப் பழகுவாள். தமிழய்யா எழுதிக்கொடுத்ததை ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் செய்வாள். போன வருஷம் போட்டிக்கு ஆள் எடுத்தபோது, "தாய்மொழியே நம் உயிர், இந்த இடத்தில் கையை உயர்த்தவும், அதுவே நம் மூச்சு" என்று, கையைத் தொங்கப் போட்டபடியே முழங்கிவிட்டாள்.

மாவட்டப் பேச்சுப் போட்டிக்குப் பள்ளிக்கு ஒரே ஒரு ஆள்தான் போகலாம். போன இரண்டு வருஷமும் நஸ்ரின்தான் போனாள். இந்த வருஷம் அறிவிப்பு வந்த அன்று முத்துமாரி என் அறை வாசலில் வந்து நின்றாள். அழவில்லை; அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இந்தத் தடவையும் அவதேன்னா நான் பேசுறதையே விட்டுர்றேன் மிஸ். எனக்கு வராதுன்னு தெரிஞ்சுக்கிறேன்."

போனில் சொன்னது

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை, அவள் அய்யாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, போன் போட்டேன். "முத்துமாரிக்குப் பேச்சு வரலைன்னு ஒரே வருத்தமா இருக்கா. ரெண்டு நாளாச் சாப்பிடக்கூட இல்லை" என்று சொன்னதுதான் தாமதம், லைன் போய்விட்டது. திரும்பப் போட்டால் எடுக்கவில்லை. நான் சொன்னதை நானே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்திருந்தால் அப்போதே விளங்கியிருக்கும்.

மத்தியானம் ஒரு லோடு ஆட்டோ வாசலில் வந்து நின்றது. அந்த மனிதர் ஒரு கையில் கோயில் விபூதிப் பொட்டலமும் இன்னொரு கையில் எலுமிச்சம்பழமுமாக இறங்கினார். மகளுக்கு வாய் அடைத்துவிட்டது என்றே நினைத்து வந்திருக்கிறார். நல்லவேளையாக, அது சாப்பாட்டு நேரம், அவள் சாப்பிடாமல் மாடியேறியிருந்தாள். மாடியில் "அவையோர்க்கு வணக்கம்" என்று முத்துமாரி தொட்டியை அதட்டுவது ரோடு வரைக்கும் கேட்டது. அவர் அண்ணாந்து ஐந்து நிமிஷம் கேட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "வீட்டுல இவ வாய மூட முடியாமத்தேன் தாயி இங்கன கொண்டாந்து விட்டோம்."

சீட்டு

தமிழய்யா ஒரு யோசனை சொன்னார். பிள்ளைகள் எப்படியும் அனிமேயை வைத்துச் சண்டை போடுகிறார்கள், அதையே பட்டிமன்றம் ஆக்குவோம்: வெற்றிக்குக் காரணம் பிறவித் திறமையா, உழைப்பா? நன்றாகப் பேசுகிறவர் போட்டிக்குப் போகட்டும். நடுவராக இருக்கச் சொல்லிக் கேட்டதும் எல்லா டீச்சர்களுக்கும் அன்றைக்கென்று வேலை வந்துவிட்டதால், அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது.

யார் எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கினோம். முத்துமாரிக்குத் திறமை வந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. உழைப்பு என்ற சீட்டை நஸ்ரின் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். "இதுக்கு நான் உழைக்கணுமா மிஸ்?"

நடுவர் அவர்களே

முத்துமாரி முதலில் எழுந்தாள். பன்னிரண்டு பக்கம் மனப்பாடம். நான்காவது வரியில் நின்றுவிட்டது. கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கீழே சிரிப்பு கிளம்பியது. நடுவர் எடுத்துக்கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள்.

"நடுவர் அவர்களே, எழுதுனது மறந்துபோச்சு. நடந்ததச் சொல்றேன். மூணு வருஷமா அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் பழகுறேன், எனக்குப் பேச்சு வரல. மாடிப்படிப் பக்கத்துக் கட்டில்ல போத்திப் படுத்துக்கிட்டு, என் சத்தத்தைக் கேட்டே இந்தா இவளுக்கு வந்துருச்சு. தொட்டிக்குக்கூட இந்நேரம் வந்திருக்கும். எனக்கு வரல. பிறவித் திறமைன்னு ஒண்ணு இல்லையின்னா, இத வேற என்னான்னு சொல்றது?" இப்படிப் பத்து நிமிஷம். கையை எங்கே உயர்த்த வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டித் தீர்த்துவிட்டார்கள்.

நஸ்ரின் வெறுங்கையோடு எழுந்தாள். ஒரு வரி கூடத் தயார் செய்திருக்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மைக்கைப் பிடித்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். "நடுவர் அவர்களே, மூணு வருஷம் உழைச்சா எப்பிடிப் பேச்சு வரும்னு என் தோழி இப்பத்தான் காட்டிட்டு உக்காந்துருக்கா, எனக்கு இதுக்கு மேல சாட்சி வேண்டாம்."

தீர்ப்பு என்ன சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போட்டிக்கு முத்துமாரிதான் என்று தமிழய்யா எழுதிக்கொண்டார். கீழே இறங்கிய முத்துமாரிக்கோ கோபம் அடங்கவில்லை. "நான் நெஞ்சு வறளப் பேசுனேன். ஒத்த வரியில முழுக் கைதட்டையும் அள்ளிட்டுப் போயிட்டா மிஸ்."

பஸ் ஸ்டாண்டிலிருந்து

போட்டியன்று காலை ஐந்து மணிக்கு நஸ்ரின் எழுந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தேன். முத்துமாரியைத் தமிழய்யாவோடு பஸ் ஏற்றிவிட்டு வந்து மறுபடி போர்த்திக்கொண்டாள்.

சாயங்காலம் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து, தமிழய்யா போனில் முத்துமாரி பேசினாள். ஒரே இரைச்சல். "வந்துருச்சு மிஸ்" என்றாள். பஸ்ஸா என்று கேட்டேன். இல்லை என்றாள். பரிசா என்று கேட்டேன். "பரிசெல்லாம் வரல மிஸ். பேச்சு வந்துருச்சு. ஊருல எங்க அய்யாகிட்ட ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க."

திறமையா உழைப்பா என்று இனி யாராவது கேட்டால், ஒன்று ஐந்து மணிக்கு எழுந்து கத்தும், இன்னொன்று அதைக் கேட்டுக்கொண்டே தூங்கும், இரண்டுக்கும் நடுவில் தூக்கம் கெடுவது மட்டும் வார்டனுக்கு என்றுதான் சொல்வேன்.