மலாயா உண்டியலின் திறப்பு

எங்கள் வீட்டில் காசு சேர்ப்பது மண்முட்டியில்தான். நிரம்பினால் முற்றத்தில் போட்டு உடைப்போம், சிதறிய சதங்களைப் பொறுக்குவோம், அடுத்த சந்தைக்குப் போகும்போது வேறொரு முட்டி வாங்குவோம். அண்ணைக்கு அந்த வழக்கம் பிடிக்காது. மலாயாவில் றெயில்வேக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர், லீவில் கோப்பாய்க்கு வந்தபோது தன் டிறங்குப் பெட்டிக்குள்ளிருந்து புதுமாதிரி உண்டியல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

அதன் அழகை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. கரும்பச்சை எனாமல், உருண்ட மூலைகள், முன்பக்கம் பளபளவென்று மூன்று வெள்ளிக் கோடுகள், மேலே காசு போட ஒடுங்கிய ஒரு வாய். பக்கத்து வீட்டு மாமா வந்து பார்த்துவிட்டு, "உது றேடியோவே? ஒரு பாட்டும் கேக்கேல்லையே" என்று காதை வைத்துப் பார்த்தார். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்பா செத்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"முட்டி உடைக்கிறதெல்லாம் பழைய காலம், அம்மா. இதுக்குப் பூட்டும் திறப்பும் இருக்கு" என்றார் அண்ணை. ஆனால் பயணம் புறப்பட்ட அன்று அந்தச் சின்னத் திறப்பைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "உங்களிட்டை விட்டால் ஒரு கிழமை தாங்காது. அடுத்த லீவிலை நானே வந்து திறக்கிறன். போயிட்டு வாறன்."

அதன்பிறகு யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். அண்ணையின் கடிதம் நின்றது, மாதாமாதம் வந்த காசும் நின்றது. அம்மா இணுவில் கந்தனுக்கு நேர்த்தி வைத்தாள். மகன் உயிரோடு திரும்பி வந்தால், உண்டியலை அவன் கையாலேயே திறப்பித்து, உள்ளதெல்லாம் கோயிலுக்குக் கொடுப்பதென்று. அன்று தொடங்கி, தோட்டத்து மிளகாய் விற்ற காசில் ஒரு பங்கு வெள்ளிக்கிழமை தோறும் அதற்குள் விழுந்தது.

கூப்பனுக்கு அளந்து கொடுத்த அரிசி எங்களுக்குக் காணாது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று எனக்கு வாய் மரத்துப்போனது. ஒருநாள் பசி பொறுக்காமல் கோடாலியை எடுத்துக்கொண்டு உண்டியலுக்கு முன்னால் நின்றேன். அம்மா கத்தவில்லை. "உது கந்தன்ரை காசு. நீ தொட்டாயெண்டால் உன்ரை அண்ணை வரமாட்டான்" என்று மட்டும் சொன்னாள். கோடாலியை வைத்துவிட்டேன். வேறென்ன செய்வது? அந்தக் கிழமை ஆட்டை விற்றோம்.

சண்டை முடிந்து மலாயாவிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் வந்தார் என்று கேள்விப்பட்டால் போதும், அம்மா அந்த ஊருக்கு நடப்பாள். கடைசியில், தேடிப் போகாத ஒருவர் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அளவெட்டிக்காரர், அண்ணையோடு ஒரே கந்தோரில் வேலை பார்த்தவர். எலும்பும் தோலுமாக இருந்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"என்ரை பிள்ளை எப்ப வாறானாம்?" என்று அம்மா கேட்டாள்.

அவர் லேஞ்சித் துணியின் முடிச்சை அவிழ்த்து உண்டியல் திறப்பை அம்மாவின் கையில் வைத்தார். "சயாமிலை றெயில் ரோட்டுப் போட யப்பான்காரங்கள் கொண்டு போனவங்கள், அம்மா. அங்கை காய்ச்சல். இதை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர்."

அம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். இன்னும் வேணுமோ என்று கேட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

செத்தவீட்டுக்கு வந்த சனம் உண்டியலைப் பார்த்துப் பார்த்துக் கதைத்தது. சாமிக்கென்று போட்டதைச் சாமிக்கே கொடுத்துவிடு என்றது ஒரு பக்கம். கேட்டதைத் தராத சாமிக்கு என்ன கடன், எடுத்துச் செலவழி என்றது மறுபக்கம். எனக்கு இரண்டையும் கேட்கக் கேட்க ஆத்திரம் பொங்கியது. கந்தன் மேலும், அந்த வெள்ளிக் கோடுகள் மேலும்.

சனம் போன பிறகு அம்மா திறப்போடு மேசையடிக்கு வந்தாள். திறக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அதைக் காசு போடும் வாய்க்குள் விட்டாள். சதங்களுக்கு மேல் அது விழுந்த சத்தம் கேட்டது.

"அவன் வந்து திறக்கட்டும்" என்றாள்.