வாப்பாவின் வள்ளத்துக்குப் பற்றரி பூட்டிய மச்சான்

எங்கள் வாப்பா மூத்த மகளான ராத்தாவின் நிக்காஹுக்குச் சம்மதித்தார்; மருமகனுக்குத்தான் சம்மதிக்கவில்லை. கனமூலையில் இருக்கும் மாமியின் மகனை அவர் மனதில் வைத்திருந்தார். ராத்தாவோ பாலாவிச் சந்தியில் முச்சக்கர வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்பவரை விரும்பினாள்; அவரே எனக்கு மச்சானானார். அதனால் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாப்பா சலாமுக்குப் பதில் சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார். மச்சானும் தேநீரைக் குடித்துவிட்டு ராத்தாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வாப்பாவிடம் சிறிய பாய்வள்ளம் ஒன்று இருந்தது. கற்பிட்டிக் களப்பில் உல்லாசப் பயணிகளை ஏற்றித் தீவுகளைச் சுற்றிக் காட்டுவார். காற்று விழுந்துவிட்டால் கரை திரும்ப மஃரிபு தொழுகைக்கு மேலாகி இருட்டிவிடும். வள்ளத்தில் விளக்கில்லை என்று உம்மாவுக்குப் பயம். போனுக்குச் சார்ஜ் போட வழியில்லை என்று பயணிகளுக்குக் குறை. நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, பழைய லொறிப் பற்றரி ஒன்றைப் பூட்டுவதென்று வாப்பா முடிவெடுத்தார். உம்மா அவருக்குச் சொல்லாமலே ராத்தாவுக்குப் போன் எடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு மச்சான் வேறொரு பற்றரியோடு நேரே கரைக்கு வந்துவிட்டார்.

"லொறிப் பற்றரி இஞ்சின ஒரே உதையில கிளப்பத்தான் மாமா. லைட்ட மணிக்கணக்கா எரிச்சா கெதியாச் செத்துப்போகும். இது சோலருக்குப் போடுற சாதி. மெதுவா, நெடுகக் குடுக்கும்."

வாப்பா என் பக்கம் திரும்பினார். "மகள், உப்புத் தண்ணிக்கு அது தாங்குமா எண்டு அவர்ட்டக் கேளுங்க."

கைக்கெட்டும் தூரத்தில் நின்ற மச்சானிடம் நான் கேட்டேன். அவரும் என்னிடமே பதில் சொன்னார். "ஓம் எண்டு சொல்லுங்க. பெட்டியில வச்சு மூடி, வயர் பூட்டுற இடத்துல கிரீஸ் பூசினாச் சரி."

இப்படியே கதை என் வழியாகப் போய்வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியில் மச்சான் பற்றரிப் பெட்டியைத் தூக்கி வள்ளத்தின் பின்பக்கத்தில் வைத்தார். முன்பக்கம் மெல்ல மேலெழுந்தது. வாப்பாவால் பொறுக்க முடியவில்லை.

"அங்க இல்ல! பின்னுக்குப் பாரம் வச்சா மூக்கு எழும்பும். பாய்மரத்துக்குக் கிட்ட, அடியில வைங்க மருமகன்!"

'மருமகன்' என்ற சொல் வெளியே வந்துவிட்டது. இனி அதைத் திரும்ப எடுக்க முடியாது. மச்சான் குனிந்தபடியே, "சரி மாமா" என்றார். அதன்பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. வாப்பா பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்ட, மச்சான் வயர்களைப் பூட்டினார். பட்டப்பகலில் எரிந்த அந்தச் சின்ன விளக்கை இருவரும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்குத்தான் மச்சான் எங்கள் வீட்டில் முதன்முதலாக வாப்பாவோடு ஒரே சஹன் தட்டில் உட்கார்ந்து சோறு தின்றார்.

ஆனால் அந்த விளக்குக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. வியாழன் வந்தால் எரியாது. "மருமகன், லைட் திரும்பவும் எரியுதில்ல" என்று வாப்பா பாலாவிக்குப் போன் எடுப்பார். வெள்ளிக்கிழமை மச்சானும் ராத்தாவும் வந்துவிடுவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மாமனும் மருமகனும் கரைக்குப் போனால் அஸர் தொழுகைக்குத்தான் திரும்புவார்கள்.

ஒரு வியாழக்கிழமை நான் நண்டு பிடிக்கப் போனபோது, வாப்பா வள்ளத்துக்குள் குந்தியிருந்து பற்றரியில் வயர் பூட்டிய நட்டைக் கழற்றுவதைக் கண்டேன். பாவம், இறுக்குவதாக நினைத்து மறுபக்கம் திருப்புகிறார் என்று எண்ணினேன். மறுநாள் கரையில் வைத்து மச்சானிடம் இரகசியமாகச் சொன்னேன்.

மச்சான் வள்ளத்தில் ஏறிப் பற்றரிப் பெட்டியைத் திறந்தார். பிறகு, "எனக்குத் தெரியும். மாமாக்கிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றார். நட்டு இறுக்கும் சாவியைப் பையிலேயே விட்டுவிட்டு, நட்டை வெறும் விரலால் இலேசாகத் திருகி வைத்தார்.

எனக்கு மிகவும் கவலையாகப் போயிற்று. ஓடிப்போய், "உம்மா, இவங்க ரெண்டு பேருக்குமே நட்டு இறுக்கத் தெரியாது" என்று முறையிட்டேன்.

"ஓம் மகள், தெரியாதுதான்" என்றார் உம்மா, மீன் கழுவிய கையைத் துடைக்காமலே. பிறகு ராத்தாவைப் பார்த்துச் சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபமாக வந்தது.