சிவப்பு ஸ்டிக்கர் கூண்டுகளில் ஒரு காகிதம் கூடுதல்

என் சித்தி ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்கிறார். ஜன்னல் இல்லாத அறை, எண்பது கூண்டுகள். மரத்தூள் மாற்றுவதும், தண்ணீர் பாட்டில் நிரப்புவதும், எலிகள் படுக்கை கட்டிக்கொள்ள டிஷ்யூ காகிதம் போடுவதும் பதினொரு வருடமாக அவர் வேலை. எலியை வாலைப் பிடித்துத் தூக்கவே மாட்டார். அட்டைக்குழாயை நீட்டினால் அதுவே ஏறிக்கொள்ளும்.

“இந்த மரியாதை எனக்குக் கெடைக்கலயே,” என்பார் சித்தப்பா.

“அதுங்க சாப்பாட்டுல உப்பு இல்லன்னு மூஞ்சியத் தூக்கறதில்ல.”

அங்கே ஒரு மேடம் காயம் ஆற்றும் மருந்து ஒன்றைச் சோதித்தார். சிவப்பு ஸ்டிக்கர் கூண்டுகளுக்கு மருந்து ஊசி, பச்சைக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. சிவப்புக்கூண்டு எலிகளுக்குக் காயம் சீக்கிரம் ஆறியது. கட்டுரை வெளிவந்தது, பாராட்டு குவிந்தது. பிறகு வேறொரு ஊரில் அதையே செய்து பார்த்தார்கள். மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுபோலத்தான் ஆறியது. எலி இனம், தீனி, விளக்கு எல்லாம் அதேதான். “நாம என்ன வித்தியாசமா செஞ்சோம்?” என்று மேடம் ஒவ்வொருவரிடமும் கேட்டார்.

சித்திக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஊசி போட்டதும் சிவப்புக்கூண்டு எலிகள் சுருண்டு கிடக்கும். பாவம், குளிருமே என்று அவற்றுக்கு மட்டும் ஒரு காகிதம் கூடுதலாகப் போட்டிருந்தார்.

“சொன்னா வேல போயிடும்,” என்றார் வீட்டில்.

“எலி வாயத் தொறக்காது. நீயும் தொறக்காத,” என்றார் சித்தப்பா.

மறுநாள் காலை சித்தி நேராக மேடத்திடம் போனார். “மேடம், பச்சைக்கு ஒரு காகிதம்தான் போட்டேன். செவப்புக்கு ரெண்டு.”

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்கக்கா. என்னைக்குலேருந்து? எந்தெந்தக் கூண்டு?” என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.

சோதனை மறுபடி நடந்தது. ஸ்டிக்கர் கிடையாது, வெறும் எண்கள். எதற்கு மருந்து என்பது சித்திக்கும் தெரியாது, காயத்தை அளந்தவருக்கும் தெரியாது. இரண்டு வகையிலும் பாதிக் கூண்டுகளுக்கு ஒரு காகிதம், பாதிக்கு இரண்டு. முடிவில் மருந்து ஒன்றும் செய்யவில்லை. இரண்டு காகிதக் கூண்டுகளில்தான் காயம் வேகமாக ஆறியிருந்தது. உள்ளங்கை அகலக் காகிதம்! பள்ளி முடித்துக் காலில் சக்கரம் கட்டியதுபோல் அலைகிற நான், இதைக் கேட்டபோது உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மேடம் தன் கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றார். சித்தியின் வேலை போகவில்லை. கூண்டுக்கு எத்தனை காகிதம் என்பது இப்போது மேடத்தின் புதுக் கட்டுரைகளிலேயே வருகிறது.

போன வாரம் நாற்பத்தோராம் கூண்டு எலி நடுங்கியதாம். காகிதத்தை எடுத்த சித்தி, கையை இழுத்துக்கொண்டு மேடத்துக்கு போன் செய்தார்.

“இதுக்குப் போட்டா எல்லாத்துக்கும் போடணும். போடவா?”

“போடுங்கக்கா.”

எண்பதுக்கும் போட்டு, நேரத்தைக் குறித்துவைத்த பிறகே சாப்பிடப் போனார்.