நட்டு மாட்டாமல் விரித்த குழாய்

போன வாரம் வீட்டில் ஏசி மாட்ட வந்தவர், செம்புக் குழாயின் முனையை ஒரு சின்ன மிஷினுக்குள் விட்டுப் பொத்தானை அழுத்தினார். விர்ரென்று ஒரு சத்தம். குழாயின் வாய் புனல்போல் விரிந்துவிட்டது. அவ்வளவுதானா என்று எனக்கு எரிச்சலே வந்தது. என் வாயும் சும்மா இருக்கவில்லை. "தம்பி, நட்ட முன்னாடியே மாட்டீட்டீங்களா?" அவர் சிரித்தார். வாய் விரிந்த பிறகு குழாயில் நட்டு ஏறாது. இதை யாராவது மறப்பார்களா? மறப்பார்கள்.

கொல்லிமலைக்கு ரோடு போட்டுக்கொண்டிருந்தபோது நான் அங்கே லாரி மெக்கானிக். இருபத்திரண்டு வயது, தலைக்கனத்துக்குக் குறைவில்லை. எங்களுடையது கையால் திருகுகிற மிஷின். குழாயை இரும்புப் பிடிக்குள் கவ்வவைத்து, மேலிருந்து ஒரு கூம்பைத் திருகித் திருகி இறக்க வேண்டும். அவசரப்பட்டால் வாய் கீறிவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகுவேன். பெரியண்ணன் என்ற டிரைவரின் லாரிக்குப் பிரேக் குழாய் செய்த அன்று, அழகாக விரித்து முடித்துவிட்டுப் பார்க்கிறேன், நட்டு என் சட்டைப் பையில் இருக்கிறது.

இருந்ததே அந்த ஒரு குழாய்தான். முனையை வெட்டிவிட்டு மறுபடி விரித்தேன். குழாய் குட்டையாகி, தொய்வாக இருக்க வேண்டிய இடத்தில் விறைத்துக்கொண்டு நின்றது. குலுங்கினால் அறுந்துபோகலாம். அறுந்தால் பிரேக் இல்லை. சொல்லியிருக்க வேண்டும், வெட்கம் விடவில்லை.

"ஆச்சுங்களா?" என்றார் பெரியண்ணன்.

"ஆச்சுங்க" என்றேன்.

லாரி இறங்கியது. கீழே கல்லுடைக்கிறவர்கள் ஒதுங்க, ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிப்பார்கள். விரலை மடக்கி எண்ணினேன். உட்கார முடியவில்லை. ஸ்பானரை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். எட்டோடு ஹாரன் நின்றுபோனது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். வளைவைச் சுற்றப் பொறுமையில்லை, குறுக்கே புதர்களில் விழுந்து எழுந்து இறங்கினேன்.

சக்கரம் உருளாமல் அண்டைக்கல் வைத்து லாரி நின்றது. பெரியண்ணன் பாறைமேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"கொழாய் குட்டைன்னு வண்டியில ஏறயிலயே பாத்தனுங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு நெனச்சேன். செரி, எப்படியும் ஓடியாருவீங்கன்னு நிறுத்திப்போட்டேன். அடிவாரத்துல காரவள்ளி போனாத்தான வேற கொழாய்? ஏறுங்க சாமி, ஒண்ணாவே போலாம்."

முதல் கியரிலேயே இறங்கினோம். என் பக்கம் பிரேக் மிதி இல்லை என்று தெரிந்தும் வழியெல்லாம் காலால் லாரியின் தரையை மிதித்துக்கொண்டே வந்தேன்.

இப்போது வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை இருக்கிறது. அந்தப் பாறையை உடைத்து ரோட்டை அகலமாக்கிவிட்டார்கள். பெரியண்ணனும் போய்விட்டார். அன்று காரவள்ளி வரை நான் வாயைத் திறந்தது ஒரே தடவை, ஒரு பீடி கேட்க. மன்னிப்பை நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன்.