மிளகு ஃபைலில் நான் மாற்றி வைத்த தாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜூன் மழை பிடித்துக்கொண்ட நேரம். திருவனந்தபுரம் பழவங்காடியில், இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்கப் பேப்பர்கள் தயாரித்துக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இலங்கையிலிருந்து ஒரு கன்டெய்னர் மிளகு வந்தது. அனுப்பியவர் மாத்தளைப் பக்கத்துத் தமிழ்ப் பெண்மணி. சுற்றுவட்டாரத்தில் நாற்பது குடும்பங்கள் பறித்துக் காயவைத்ததைச் சேர்த்து, முதல் தடவையாகத் தானே ஏற்றுமதி செய்திருந்தார். இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தப்படி, மிளகு அங்கேயே விளைந்தது என்று சான்றிதழ் இருந்தால் இங்கே வரி குறையும். சான்றிதழ் சரியாகவே இருந்தது. ஆனாலும் துறைமுகத்தில் சரக்கை நிறுத்திவிட்டார்கள். வேறு நாட்டு மிளகை இலங்கை வழியாகக் கொண்டுவருகிறார்கள் என்று சந்தேகம். இலங்கை அரசிடமே கடிதம் எழுதிக் கேட்கப்போவதாகச் சொன்னார்கள்.

ஏன் இந்தச் சந்தேகம் என்று ஃபைலைப் புரட்டினேன். வேறொரு வியாபாரியின் மிளகுக்கு வந்த பரிசோதனைத் தாளை இந்தக் கட்டில் சேர்த்து அனுப்பியிருந்தேன். அதில் வேறொரு நாட்டின் பெயர்.

முதலாளியிடம் காட்டினேன். கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மோளே, இது நமக்குள்ள இருக்கட்டும். ரெண்டு சர்க்காரும் லெட்டர் எழுதித் தீர்த்துக்கும். இப்போ போய்ச் சொன்னா நம்ம லைசன்ஸ் போகும், கேட்டியா?”

என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பேசாமல் இருந்துவிட்டேன். அந்தம்மா தினமும் போன் செய்வார். “பார்த்துட்டிருக்காங்க அக்கா” என்பேன்.

பத்து நாள் கழித்து அவரே விமானம் ஏறி வந்துவிட்டார். நனைந்த சேலையோடு என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“தங்கச்சி, எங்க பிழைன்னு மட்டும் சொல்லுங்க, திருத்திக்கிறேன். ஊர்ல என்னைக் கள்ளி மாதிரி பார்க்கிறாங்க.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “பிழை உங்களோடது இல்லக்கா. நான்தான் தாளை மாத்தி வெச்சுட்டேன்.”

அவர் சத்தம் போடவில்லை. “எப்ப தெரியும்?” என்று கேட்டார்.

“பத்து நாளா.”

அதன்பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் துறைமுகத்துக்குப் போன பஸ்ஸிலும் அடுத்தடுத்த சீட்டில்தான் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதிகாரி இரண்டு தடவை படித்தார்.

“போன வாரம் வந்திருந்தா நானே இங்க முடிச்சிருப்பேன். இப்ப லெட்டர் அங்க போயாச்சு. பதில் வராம நான் இதைத் தொட முடியாது.”

பதில் வர ஐந்து மாதமானது. மிளகு அவர்கள் ஊரில் விளைந்ததுதான் என்று வந்தது. அதற்குள் மழை ஈரத்தில் அத்தனை மூட்டையும் பூஞ்சை பிடித்து, அழிக்கச் சொல்லிவிட்டார்கள். என் வேலை அதற்கு முன்பே போயிருந்தது.

ஊரில் காட்டட்டும் என்று என் வாக்குமூலத்தின் நகலை அவருக்கு அனுப்பினேன். “கிடைத்தது” என்று ஒரு வார்த்தை வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

தாள் மாறிப்போனது கைத்தவறு என்று எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டேன், ஆனால் எல்லாம் தெரிந்த பிறகும் அவர் கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுத்து ஒன்றும் தெரியாதவள் போல் பேசினேனே, அதற்கு எந்தச் சமாதானமும் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.